உப்பில்லாத புளியோதரையும் ஒரு ஜோடி வளையலும்

2001ஆம் ஆண்டு ஜூன் 11, திங்கட்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. காலையிலிருந்தே அனல். மூன்று மணிக்கு மேல் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. புழுதியைக் கிளப்பி, துணிக்கொடியை அறுத்துவிட்டு, ஒரு சொட்டுகூடப் போடாமல் கலைந்தது. அறுந்த கொடியை நான் முடிந்துகொண்டிருந்தபோது என் மனைவி கொல்லைப்புறம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

"அவ கழட்டிண்டு போயிட்டா" என்றாள்.

அவள் சொன்னது, எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மாளை. வளையல் ஒரு ஜோடி, நான்கு சவரன், கல்யாணத்தில் என் மாமனார் போட்டது.

அப்போது என் மனைவிக்கு மறதி நோய் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம் வயதில் எல்லோருக்கும் வருகிற மறதி அல்ல. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று நீங்களும் நானும் தேடுகிறோமே, அது வேறு. இவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டாள். பால் பாக்கெட்டைத் துணி அலமாரியில் வைத்தாள். காலையில் மூன்று தரம் டிகாஷன் இறக்கினாள். சாயங்காலம் ஆனால், முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்த வீட்டின் நடுக் கூடத்தில் நின்றுகொண்டு, நாழியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சென்னையில் பார்த்த டாக்டர் டிமென்ஷியா என்றார். இனி கூடுமே தவிரக் குறையாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இவர்கள் கையில் கிடைத்ததைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து ஒளித்து வைப்பார்கள். வைத்த இடம் மறந்துபோகும். பிறகு வைத்ததே மறந்துபோகும். கடைசியில் மிஞ்சுவது, பொருளைக் காணோம், யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான்.

என் மகன் சென்னையிலிருந்து வந்தான். அரிசி டிரம், பரண், தலையணை உறைகள் எல்லாம் பார்த்தோம். கிணற்றில் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவினோம். இரண்டு சொம்பும் ஒரு சாவிக்கொத்தும் வந்தன. அதற்குள் என் மனைவி இரு பக்கத்து மதில் வழியாகவும் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் வேலை செய்த மற்ற மூன்று வீடுகளிலும், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாலு நாள் தேடியாச்சுப்பா. அம்மா எங்கேயாவது வெச்சிருந்தா இதுக்குள்ள கிடைச்சிருக்கணும். ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் கொடுத்துடலாம். அவா விசாரிச்சுப்பா" என்றான் மகன்.

எப்படி விசாரிப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீ கொடு. அப்படி ஒரு வளையலே இந்த ஆத்துல இருந்ததில்லைன்னு நான் எழுதிக் கொடுக்கறேன்" என்றேன்.

அவன் கோபித்துக்கொண்டு கடைசி ரயிலைப் பிடித்துப் போய்விட்டான். எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அவனுக்கு விளக்கவில்லை. உங்களுக்கு விளக்குகிறேன். உங்களில் சிலர் வீட்டில் இப்போது அந்த நான்கு நாள் தேடல் நடந்துகொண்டிருக்கும்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வைகாசி அது. அம்மா இல்லை. அப்பா வேலைக்காக வடக்கே போயிருந்தார். குழந்தை இல்லாத பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னை வளர்த்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் பெரிய கோயிலின் புகழில் வெளியே தெரியாமல் போன சிறு பெருமாள் கோயில்கள் உண்டு. அப்படி ஒன்றின் மடைப்பள்ளியில் பெரியப்பா தளிகை செய்து வந்தார். அவர் அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்த முறை அது. இருபத்தெட்டு வருஷமாக, விறகுப் புகையில் சிவந்த கண்ணோடும், ஈரவேட்டியில் நல்லெண்ணெய் வாசனையோடும் வீடு திரும்புவார். அவர் மடியில் படுத்தால் எனக்கு உடனே பசிக்கும்.

மடைப்பள்ளியில் சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசனைகூட முகரக் கூடாது என்று மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார். பெருமாள் அமுது செய்த பிறகுதான் மனித நாக்கில் பட வேண்டும். வீட்டில் சமைப்பவள் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாளே, அந்த வசதி அங்கே கிடையாது. உப்பு போட்டோமா இல்லையா என்பதற்குச் சாட்சி, சமைப்பவரின் நினைவு ஒன்றுதான்.

அந்த வைகாசி பிறந்த மூன்றாம் நாள், புளியோதரையில் உப்பு இல்லை.

தொன்னையில் வாங்கிய முதல் வாய் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புளியும் மிளகாயும் எள்ளும் இருந்தன. ஆனால் எல்லாம் வேறு வேறாக நின்றன. பாசுரம் சேவித்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், "என்ன ஸ்வாமி, கும்பகோணத்துப் பெருமாளை இங்கே எழுந்தருளப் பண்ணிட்டீரோ?" என்றார். அங்கே ஒரு பெருமாள் உப்பில்லாமலே அமுது செய்கிறவர் அல்லவா? எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார்.

நான்காம் நாள் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள் உப்பு எத்தனை தரம் விழுந்ததோ, தொன்னைகளைக் குளத்து மீன்களுக்குக் கொட்டினோம். மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. அன்று யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா வீட்டுக்கு வந்து வெகுநேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா எல்லோரிடமும், அவருக்குக் கண் சரியில்லை, வெயில் தணிந்ததும் வைத்தியரிடம் காட்டப் போகிறோம் என்று சொல்லிவைத்தாள். கேட்டவர்கள் நம்பினார்கள். எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பதினாறு வீடுகள். ஒருநாள் உச்சி வெயிலில் அவர் குளக்கரையில் நின்றுகொண்டிருந்தார். கையில் மடைப்பள்ளிக் கரண்டி. நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"நீ யாராத்துப் பிள்ளைடா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். திருப்பதியிலிருந்து நடந்தே வருகிறேன் என்றேன்.

"அடடா. கால் வலிக்குமே. சாப்டியா?" என்றார். கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தார். நான் இழுத்த வழியில் வந்தார். வீட்டு வாசல் வந்ததும் பெரியம்மாவிடம், "பாவம், இந்தக் குழந்தை திருப்பதியிலேர்ந்து வரான், சாதம் போடு" என்றார். நான் சிரித்தேன். பெரியம்மா சிரிக்காததால் எனக்கு ரோஷம் வந்தது.

அந்த மாதம் வீட்டில் பொருள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. என் பம்பரம் போயிற்று. அதைப் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று அவனோடு நான்கு நாள் பேசவில்லை. பெரியம்மாவின் மஞ்சள்கிழங்குக் கிண்ணம் போயிற்று. பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி போயிற்று. கோயிலிலோ, போனது நெய்.

மடைப்பள்ளிக்குச் சாமான் அளந்து கொடுக்கும் உக்கிராணக்காரர், தினமும் ஒரு படி நெய் கொடுத்ததாகச் சொன்னார். சர்க்கரைப் பொங்கலோ, கையில் ஒட்டாமல் மணல் மாதிரி உதிர்ந்தது. வெல்லமும் ஏலக்காயும் இப்படித்தான் குறைந்தன. நிர்வாகம் பார்த்த மணியக்காரர் கெட்டவர் அல்லர். எனக்குச் சிலேட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். கொடுத்தது இவ்வளவு, பொங்கலில் இருப்பது இவ்வளவு, மீதி எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரியப்பா, எல்லாவற்றையும் போட்டேன் என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

வைகாசி உற்சவம் தொடங்கிய நான்காம் நாள், எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். ஊறுகாய் ஜாடியைக் குச்சியால் கிளறினார்கள். பெரியம்மா ஒவ்வொரு பாத்திரமாகத் தானே எடுத்து முன்னால் வைத்தாள். கடைசியில் குடத்து நீரையும் அவர்கள் எதிரில் முற்றத்தில் கவிழ்த்தாள். ஒன்றும் இல்லை. அன்று முழுவதும் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் சந்தேகம் போகவில்லை. வேறு எங்கோ விற்றுவிட்டார் என்றார்கள். ஏழாம் நாள் தேர் நிலைக்கு வந்ததும், பெருமாள் முன்னால் கற்பூரம் ஏற்றி வைத்து, சத்தியம் செய்யச் சொன்னார்கள். உற்சவம் முடியட்டும் என்று பெரியம்மா கெஞ்சிப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "நெய்யை நான் எடுக்கலை" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை சுட்டுக்கொண்டதுகூட அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் கலைந்தார்கள். அன்று பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அப்பளம் சுட்டுத் தந்தாள். தீர்ந்தது என்று நினைத்திருப்பாள்.

எட்டாம் நாள் குதிரை வாகனம். மடைப்பள்ளியை ஒட்டிய வாகனக் கொட்டகையில், வருஷம் முழுக்கத் துணி போர்த்தி வைத்திருந்த மரக்குதிரையை வெளியே இழுத்தார்கள். அதன் காலில் எறும்பு சாரை ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே குடைந்த குதிரை அது. முதுகுப் பலகையை எடுத்தால் வயிற்றில் ஒரு அண்டா கொள்ளும் பள்ளம். பலகையைத் தூக்கினார்கள்.

ஒன்பது செப்புக் கிண்ணங்களில் நெய் இருந்தது. இலை போட்டு மூடி, வாழைநாரால் கட்டியிருந்தது. அடியில் இருந்தவை காறி நாறின. வெல்லம் உருகி ஓடியிருந்தது. ஏலக்காய் முடிச்சு இருந்தது. அவற்றோடு பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி, பெரியம்மாவின் மஞ்சள்கிழங்குக் கிண்ணம், என் பம்பரம்.

நான் "என் பம்பரம்" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். ஒருவர் என் தலையில் குட்டினார். திருடுகிறவன் தன் கண்ணாடியையே ஏன் திருட வேண்டும், எடுத்த நெய்யைக் காறிப்போகிறவரை ஏன் விட்டுவைக்க வேண்டும், ஒரு பம்பரத்தை எந்தச் சந்தையில் விற்க முடியும் என்று அங்கே நின்ற இருபது பெரியவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெரியப்பாவை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல வேளை. எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்.

அதற்குமேல் விசாரணை எதற்கு? அன்றே மடைப்பள்ளிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். முறை வேறு குடும்பத்துக்குப் போயிற்று. எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது.

அந்த ஆடிக்குள் அவர் வேட்டி கட்ட மறந்தார். ஐப்பசியில் பெரியம்மாவைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டார். ஊர் ஒரே முடிவுக்கு வந்தது. பொய்ச் சத்தியம் செய்தார், ஒரே நாளில் பெருமாள் காட்டிக்கொடுத்தார், பிறகு புத்தியையும் பிடுங்கிக்கொண்டார். எங்கள் தெருவில் பிள்ளைகளை மிரட்ட இந்தக் கதையைச் சொன்னார்கள்.

நான் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். முன்னது எது, பின்னது எது என்று பார்க்காமல் போட்ட கணக்கு அது. உப்பு மறந்தது சத்தியத்துக்கு மூன்று வாரம் முன்னால். புத்தி போனதால்தான் நெய் போனது. நெய் போனதால் புத்தி போகவில்லை. இருபது பெரியவர்கள் அதைத் தலைகீழாகப் போட்டார்கள். பெரியம்மாவும் கடைசியில் அந்த விடையையே எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை தோறும் அவருக்காக மன்னிப்புக் கேட்டு அடிப்பிரதட்சிணம் செய்தாள். "நாம பண்ணினதுதானே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவர் இரண்டு வருஷத்தில் போனார். அவர் திருடர் என்று நம்பிக்கொண்டே அவள் இன்னும் பதினாறு வருஷம் வாழ்ந்தாள்.

சென்னை டாக்டர், ஒளித்து வைப்பார்கள் என்று சொன்னபோது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நினைவில் இல்லை. குதிரையின் வயிறுதான் தெரிந்தது. அந்த விஷயத்தைப் பெரியம்மாவிடம் போய்ச் சொல்ல வழி இல்லை. ஆகவே, என் வீட்டில் இன்னொருவர் மேல் அந்தப் பழி விழ விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

போலீசைத் தடுத்துவிட்டேன். ஆனால் மதிலுக்கு மேல் போன பேச்சை எப்படித் தடுப்பது? அந்த அம்மாளின் மகளுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பேசி வைத்திருந்த இடத்திலிருந்து, ஆவணியில் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். சும்மா மன்னித்துவிட்டேன் என்று நான் சொன்னால், அது திருட்டை உறுதி செய்வதாகும். வளையல் கிடைத்தாக வேண்டும். எல்லோர் கண் முன்னாலும், அவள் கை போகவே முடியாத ஓர் இடத்தில் கிடைக்க வேண்டும்.

கோயில் காப்பு என்று சொல்லி, மனைவியின் மணிக்கட்டில் நூல் சுற்றி அளவெடுத்தேன். மகன் கல்யாண ஆல்பத்திலிருந்து அவள் கை தெரிகிற படத்தை உருவிக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் செய்யக் கொடுத்தால் மறுநாளே தெரிந்துவிடும். பஸ் ஏறி வாலாஜாபாத் போனேன். அங்கே ஒரு நகைப் பத்தர், படத்தைப் பார்த்து, சாதாரணக் கோடு போட்ட வளையல்தானே, பத்து நாளில் முடித்துவிடலாம் என்றார். பளபளப்பு வேண்டாம், நாள்பட்டது மாதிரி இருக்க வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பழசைப் புதுசாக்கிக் குடுன்னுதான் எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க. நீங்க காசும் குடுத்து, புதுசைப் பழசாக்கச் சொல்றீங்களே சார்" என்றார்.

அவர் செய்தது போதவில்லை. மனைவி மதியம் தூங்கும் நேரங்களில் குளியலறையில் உட்கார்ந்து சாம்பலும் மணலும் வைத்துத் தேய்த்தேன். பிறகு பூஜை அறையில், பெருமாள் எழுந்தருளியிருக்கும் பெட்டியில், விரிப்புத் துணிக்கு அடியில் வைத்தேன். பாத்திரம் தேய்ப்பவர்கள் அந்த அறைக்குள் வருவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அன்று அது அந்த அம்மாளுக்குச் சாட்சியாக நின்றது.

மகனை வரவழைத்தேன். எனக்கு முதுகு பிடித்திருக்கிறது, பெருமாள் பெட்டிக்குத் துணி மாற்று என்றேன். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தான். உள்ளங்கையில் வளையல்கள். முகம் கறுத்திருந்தது.

"வா, அவ ஆத்துக்குப் போகலாம்" என்றேன். நாளைக்குப் போகலாம் என்றான். இப்போதே என்றேன். ஆட்டோவில் போனோம். சாயப்பட்டறைக் கூலியான அவள் கணவர், முழங்கை வரை அரக்குச் சிவப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, வளையல் கிடைத்துவிட்டது, தப்பாக நினைத்துவிட்டோம் என்று முணுமுணுத்தான்.

அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "சத்தமா சொல்லு தம்பி. இந்தத் தெருவுல எல்லாருக்கும் காது மந்தம். பழி சொன்னா மட்டுந்தான் நல்லா கேக்குது" என்றாள்.

அவன் சத்தமாகச் சொன்னான். நான்கைந்து கதவுகள் திறந்தன. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னான். பிறகுதான் எங்களுக்கு உட்கார முக்காலி போட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வருவதாகவும், மாதம் ஐம்பது ரூபாய் ஏற்றித் தரவேண்டும் என்றும் சொன்னாள். ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமியையும் நானே கூப்பிட்டு வைத்திருந்தேன். எல்லோர் எதிரிலும் மகன் தன் அம்மாவின் கையில் வளையல்களைப் போட்டான். அளவு சரியாக இருந்தது. என் மனைவி கையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றைக் கழற்றி, உள்பக்கம் விரலால் தடவினாள்.

"இது என்னோடது இல்லை" என்றாள்.

மாமி உச்சுக்கொட்டினாள். பாத்திரம் தேய்க்கும் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கு இதுவும் மறந்துபோச்சா என்றாள். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தக் கூடத்தில் உண்மை பேசியது என் மனைவி ஒருத்திதான்.

"ஏன்னா, நீங்களாவது சொல்லுங்கோ. இது என்னோடதா?"

"உன்னோடதுதான்" என்றேன்.

நீங்கள் சொன்னால் சரி என்று அதை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். என் பெயர் மறந்தது, மகனை மறந்தாள், கடைசியில் விழுங்குவதும் மறந்தது. வளையலைச் சுழற்றிப் பார்த்து இது யாருடையது என்று கேட்பதை மட்டும் வெகுநாள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன். பழைய ஜோடி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த அம்மாளின் மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாளைக்கே இது திரும்ப நடந்தாலும் இப்படியேதான் செய்வேன்.

தங்கம், சேதாரம், செய்கூலி, வாலாஜாபாத்துக்கு இரண்டு தரம் போய்வந்த பஸ் செலவு, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது பதினைந்தாயிரத்து இருநூற்று எண்பத்தாறு ரூபாய்.